மழையில் இறங்கும் வலந்தலை: பெருவெம்புக்குப் போகலாமா, ஃபைபர் மிருதங்கம் வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளத்துக்குள்ள இருந்தாலும் வீட்டுலயும் கடைவீதியிலயும் எங்களுக்குத் தமிழ்தான். பொண்ணு எட்டாவது படிக்கறா. மூணு வருசமா சித்தூர்ல ஒரு வாத்தியார்கிட்ட மிருதங்கம் கத்துக்கறா (பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திரத்துச் சித்தூர் இல்லை). இத்தனை நாள் வாத்தியார் வீட்டுப் பழைய மிருதங்கத்துலதான் பழகினா. போன சித்திரையில ஒரு பெரிய ஊர்க் கடையில சொந்தமா ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 5 கட்டை சுருதிக்குன்னு சொன்னாங்க (கட்டைங்கறது சுருதியோட அளவுங்க). கடையில தட்டிக் காட்டினப்ப கணீர்னு இருந்துச்சு.

எடவப்பாதி மழை பிடிச்சதுங்க, அன்னிக்கிலிருந்து வலந்தலை (வலது பக்கத் தோல்) சுருதி இறங்கிட்டே இருக்குது. காலையில சுருதிப் பெட்டியோட சேர்த்து வச்சா சாயங்காலம் அரைக் கட்டை கீழ கிடக்குது. 'நம்' அடிச்சா நாதம் நிக்கறதில்லை. கரணை (நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) ஓரத்துல பொடி உதிருது. வாத்தியார் பாத்துட்டு, தோல் பதமாகறதுக்கு முன்னாடி அவசரத்துல மூட்டின வேலைன்னு சொன்னார். புள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடலை.

இப்ப ரெண்டு வழி தெரியுது. ஃபைபர் கட்டை, செயற்கைத் தட்டு, போல்ட் வச்ச மிருதங்கம் வாங்கலாம், மழைக்கு அசையாதுங்கறாங்க. இல்லைன்னா தோல் வாத்தியம் செய்யற பெருவெம்புக்கு எடுத்துட்டுப் போய் மூட்டு (தோல் தட்டு) மாத்தலாம். பக்கத்து ஊர்தான், ஆனா அங்க யாரையும் பழக்கமில்லை. என் மச்சான் மூணாவதா ஒண்ணு சொல்றார்: "பொட்டப்புள்ளைக்கு மத்தளம் எதுக்கு, வீணை வாங்கிக் குடு." அதுக்கும் யாராச்சும் பதில் எழுதினா வீட்டுல படிச்சுக் காட்டுவேனுங்க.

நகரி தவில் எழுதியது:

திருத்தணி தாண்டி நகரியிலிருந்து எழுதறேன் சார். மூணு தலைமுறையா தவில். சுத்தி எல்லாம் தெலுங்கு, வீட்டுல தமிழ். திருப்பதி, புத்தூர், காளஹஸ்தின்னு கோயிலும் கல்யாணமுமா வாசிப்பு.

எங்க தாத்தா காலத்துல தவிலுக்கு வார்தான். இழுத்துக் கட்ட ரெண்டு ஆள் மல்லுக்கட்டணும். இப்ப இரும்பு வளையம், போல்ட்டு, பையில ஒரு ஸ்பேனர். பந்தல்ல உட்கார்ந்த இடத்துலயே சுருதி ஏத்திக்கறோம். அதனால போல்ட்டைப் பார்த்து நீங்க பயப்பட வேண்டாம். எங்க வித்தை அதனால குறையல.

ஆனா நாங்க மாத்தினது கட்டற முறையை மட்டும்தான், தோலை மாத்தல. ஒரு முறை பிளாஸ்டிக் தட்டு போட்டு ஒரு கல்யாணத்துல வாசிச்சேன். சத்தம் பெருசாத்தான் வந்துச்சு. எட்டு விதமா அடிச்சாலும் ஒரே பதில்தான் வந்துச்சு. நாதஸ்வரக்காரர் பாதியில சீவாளி மாத்தறப்ப என் பக்கம் திரும்பி, "அண்ணே, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். அன்னிக்கே கழட்டிட்டேன்.

உங்க மச்சானுக்கு: எங்க ஆந்திரத்துல தண்டமூடி சுமதி அம்மான்னு மிருதங்க வித்வாம்சினி இருக்காங்க. 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவங்க தனி ஆவர்த்தனத்தை ஒரு தடவை கேட்கச் சொல்லுங்க.

செங்கோட்டை இயற்பியல் எழுதியது:

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வீடு செங்கோட்டை. கேள்வியில் இரண்டு நோய் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது, பிரித்துப் பார்ப்போம்.

சுருதி இறங்குவது ஈரத்தால். தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளரும், சுருதி கீழே போகும். உலர்ந்த காற்றில் இறுகும், மேலே போகும். பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சோதனை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மழைக்காற்று, மார்கழி தையில் கிழக்கிலிருந்து உதடு வெடிக்கிற வறண்ட காற்று. ஒரே மிருதங்கம் இரண்டையும் தாங்க வேண்டும்.

நாதம் நிற்காதது வேறு கதை. அதற்குக் கரணையைப் பார்க்க வேண்டும். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு கூட எழும் மேற்சுரங்கள் முழு மடங்குகளாக அமையாது. அதனால் அதில் தாளம் கேட்கும், தெளிவான சுரம் கேட்காது. நடுவில் கனம் ஏற்றினால் அந்த மேற்சுரங்கள் இழுபட்டு 2, 3, 4, 5 மடங்கு என்று இடத்துக்கு வந்து உட்காரும். தம்புராவோடு மிருதங்கம் ஒட்டுவது இதனால்தான். சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920ஆம் ஆண்டிலேயே நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். ராமனுக்கு வெகு காலம் முன்பே சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து தேய்த்தவர்கள் காதாலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆகவே கரணை உதிர்ந்தால் போல்ட்டை முறுக்கியோ வாரை இழுத்தோ பயனில்லை. சுருதி ஏறும், நாதம் வராது. செயற்கைத் தட்டிலும் நடுவில் கனம் ஏற்றித்தான் செய்கிறார்கள், கணக்கு அதேதான். பயிற்சிக்கு அது போதும். விரலுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை வாசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒற்றப்பாலம் சைவன் எழுதியது:

ஒரு கோணம் இங்கே விடுபட்டுவிட்டது. நான் பத்து வருடமாகத் தோல் மிருதங்கம் தொடுவதில்லை. வீட்டில் முட்டைகூடச் சேர்க்காத நான் மடியில் பசுத்தோலை வைத்துக்கொண்டு கீர்த்தனைக்கு வாசிப்பது எனக்குப் பொருந்தவில்லை. செயற்கைத் தட்டில் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குறையோடு வாசிக்கிறேன். குழந்தைக்கு இப்போதே அதைப் பழக்கினால் நல்லது என்பது என் மனதார்ந்த எண்ணம்.

மூட்டு வேலை எழுதியது:

நாலு நாளா படிச்சுட்டு இருந்தேன். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு இப்ப எழுதறேன். எங்க குடும்பம் தோல் வாத்தியம் செய்யற குடும்பம். அப்பாவுக்குப் பெருவெம்புப் பக்கம் பட்டறை. நான் இப்ப வேற வேலை, ஆனா லீவு நாள்ல கூட உட்காருவேன். பெருவெம்புல செண்டை, மத்தளம், திமிலை, இடக்கா, மிருதங்கம், தபேலா எல்லாம் ஆகும். மத்தளத்துக்குப் 'பாலக்காட்டு மத்தளம்'னே புவிசார் குறியீடு இருக்குது.

முதல்ல அந்த அண்ணனோட மிருதங்கம். மிருதங்கத்துல பசு, ஆடு, எருமை மூணு தோலும் வரும். வாருக்கு எருமை. தோலை ஊற வச்சு, மயிர் வழிச்சு, ஆணி அடிச்சு விரிச்சு உலர்த்தணும். இந்த உலர்த்தலுக்குத்தான் பொறுமை வேணும். வெயில் ஜாஸ்தியானா தோல் சுண்டும். ஈரம் உள்ள இருக்கறப்ப மூட்டிட்டா, ஒரு மழைக்காலம் வந்ததும் காட்டிக் கொடுக்கும். உங்க வாத்தியார் கண்ணுல பட்டது அதுதான்.

பொறவு கரணை. கிட்டான் கல்லை இடிச்சு வஸ்திரகாயம் பண்ணின (துணியில சலிச்ச) பொடி, வடிச்ச சோறு. ரெண்டையும் விரலுக்கு ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பிசையணும். கொஞ்சமா எடுத்து வட்டமா தடவி, வழவழப்பான கல்லால தேய்க்கணும். காஞ்சதும் அடுத்த பூச்சு, முந்தினதை விட வட்டம் சின்னதா. இப்படி எத்தனையோ பூச்சு. தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அந்த வெடிப்பு விழலைன்னா கரணை கல்லாட்டம் உட்கார்ந்து தோலை ஆடவிடாது. ஒவ்வொரு பூச்சுக்கும் எங்கப்பா தலையைச் சாய்ச்சு ஒரு தட்டு தட்டிக் கேப்பார். அவர் பாட்டு கத்துக்கிட்டவர் இல்லை. ஆனா எந்த வித்வான் எந்த சுருதிக்குப் பாடறவரோட போவார், குச்சி வைக்கணுமா கப்பி போடணுமா, எல்லாம் மனப்பாடம். (தட்டுக்கு நடுவுல ரீங்காரத்துக்காக வைக்கோல் துணுக்கு சொருகினா குச்சி, கல்பொடி போட்டா கப்பி.)

இப்ப ஒற்றப்பாலம் சாருக்கு. உங்க மனசு சங்கடப்படறது எனக்குப் புரியுது, நீங்க சொன்னபடியே நடக்கறவர்னும் தெரியுது. ஆனா நான் பட்டதைச் சொல்லணும். தோல் வேண்டாம்னு சொல்ற வீடுங்க இப்பத்தான் வந்திருக்கு. தோலைத் தொட்டவன் வேண்டாம்னு சொன்ன வீடுங்க ரொம்ப காலமா இருக்கு. சின்ன வயசுல அப்பாவோட ஒரு வீட்டுக்கு மிருதங்கம் கொண்டு போனோம். மிருதங்கம் கூடம் வரைக்கும் போய் சாமி படத்துக்கு முன்னால உட்கார்ந்துச்சு. நாங்க திண்ணைக்குக் கீழ நின்னோம். தண்ணி கேட்டதுக்கு உள்ளங்கையைக் குவிச்சு வாங்கச் சொன்னாங்க. அதே அப்பா கைதான் அந்தக் கரணையைத் தேய்ச்சது.

பாலக்காட்டு மணி ஐயர் மிருதங்கம்னா உலகத்துக்கே தெரியும். அதைச் செஞ்சு கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில பாடகர், வயலின், மிருதங்கம், கடம்னு வரிசையா பேர் சொல்றாங்க. ஒலிபெருக்கி அமைச்சவருக்குக்கூட நன்றி சொல்றாங்க. மூட்டினவன் பேரை நான் ஒரு கச்சேரியிலயும் கேட்டதில்லை.

ஒற்றப்பாலம் சைவன் எழுதியது:

படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. என் விரதத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் என் முதல் மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. விலை மட்டும் கேட்டேன். அந்தத் திண்ணைக்காக உங்கள் தந்தையாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கல்பாத்திப் பாட்டி எழுதியது:

என் பேத்தி தட்டச்சு பண்றா, நான் சொல்லச் சொல்ல. பர்லாந்து பேர் எங்காத்துல தெரியும். மணி ஐயர் நம்மூர் மனுஷர். சாத்தபுரம் சுப்பய்யர்கிட்ட ஆரம்பிச்சு, அப்புறம் தஞ்சாவூர் வைத்தியநாதய்யர்கிட்டப் போனார். சின்னப் பையனா இருந்தப்பவே செம்பை பாகவதர் அவரை மெட்ராஸுக்கு அழைச்சுண்டு போய் மேடையில உட்கார்த்தினார். 1966ல சங்கீத கலாநிதி, அந்தப் பட்டம் வாங்கின முதல் மிருதங்க வித்வான் அவர்தான். மைக்கே வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சவர். வாத்தியத்தோட நாதம் அப்படியே ஜனங்க காதுல விழணும்னார். அப்படிச் சொல்றவருக்கு மூட்டு எப்படி அமைஞ்சிருக்கணும், யோசிச்சுப் பாருங்கோ.

நான் சின்னப் பொண்ணா செம்பை கிராமத்துல ஏகாதசிக் கச்சேரி கேட்டிருக்கேன். பாகவதர் குரல் வெண்கல மணி. எந்த இடத்துலேர்ந்து ஸ்வரம் எடுக்கச் சொன்னாலும் அங்கேர்ந்து எடுப்பார். யேசுதாஸை சிஷ்யரா ஏத்துண்டு பக்கத்துல வச்சுண்டவர். பாட வந்தவா, வாசிக்க வந்தவா, எந்த ஜாதி எந்த மதம்னு பாகவதர் பார்த்ததில்லே. அவர் ஊர்க்காராளான நாமளும், மூட்டறவரை உள்ள கூப்பிட்டு ஒரு டம்ளர் காபி கொடுத்திருக்கணும். எங்காத்துலயும் கொடுத்ததில்லே. அதைச் சொல்லாம இருக்கப்படாதுன்னுதான் பேத்தியை உட்கார வச்சேன்.

குழந்தையோட அம்மாவன் வீணை வாங்கச் சொன்னாராமே. மணி ஐயரே ரொம்ப காலம் பொம்மனாட்டிகளுக்கு வாசிக்காம இருந்து, அப்புறம் டி. கே. பட்டம்மாளுக்கு வாசிச்சார். அவரே மாறினார்னு சொல்லுங்கோ.

தத்தமங்கலம் செண்டை எழுதியது:

மத்தளம் எதுக்குன்னு கேட்ட அந்த மாமாவுக்கு இன்னொண்ணு. மத்தளம், இடக்கை, திமிலை எல்லாம் மலையாளத்து வாத்தியம்னு நம்மாளுங்களே ஒதுக்கறாங்க. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதின உரையில தோற்கருவிப் பட்டியல் ஒண்ணு வருது. "பேரிகை படகம் இடக்கை உடுக்கை"ன்னு தொடங்கும். அதுலயே மத்தளமும் திமிலையும் இருக்கு. கணவாய்க்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல பெரும்பாலும் பேர்தான் மிச்சம், இந்தப் பக்கம் வாத்தியமே உசிரோட இருக்கு. இன்னிக்குக் கேக்கற பஞ்சவாத்தியத்துக்கு உருவம் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி, தமிழ் வீட்டுக்காரர்.

நான் செண்டை கத்துக்கிட்டப்ப முதல் ஒரு வருசம் செண்டையையே கண்ணுல காட்டல. கருங்கல்லும் புளியங்கோலும்தான். கணபதிக் கையில ஆரம்பிச்சு மணிக்கட்டு வீங்கற வரைக்கும். பஞ்சாரி மேளம் முதல் காலத்துல 96 அட்சரம், பொறவு 48, 24, 12, கடைசியில 6. ரெண்டு மூணு மணி நேரம் வெயில்ல நின்னு அந்த 96லேருந்து 6க்கு வந்து சேர்றப்ப உடம்பு தனியா போய்ட்டு இருக்கும். பொண்ணை ஒரு தடவை பூரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மிருதங்கக் கணக்கே வேற மாதிரி காதுல விழும்.

குழித்துறை டீச்சர் எழுதியது:

மச்சானுக்கு எங்க பக்கத்துச் சங்கதி ஒண்ணு சொல்லுதேன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாப் போவாங்க. முதல் ராத்திரி தங்கறது எங்க குழித்துறையிலதான். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்துல ஒன்பது நாளும் ஒரு நாளைக்கு ஒரு ராகம், சுவாதித் திருநாள் கீர்த்தனை. சங்கராபரணத்துல தொடங்கி ஆரபியில முடியும். மண்டபத்துக் கூரையில மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருக்கும், நாதம் கூடறதுக்கு.

கல்வித் தெய்வத்தை மேள தாளத்தோட கூட்டிட்டுப் போய் உட்கார வச்ச அந்த மண்டபத்துல 2006 வரைக்கும் ஒரு பொம்பளையும் பாடினது கிடையாது. அந்த வருசம் பாறசாலை பொன்னம்மாள் டீச்சர் பாடினாங்க. எண்பது வயசு தாண்டியிருந்தாங்க. எனக்கு அதை நினைச்சா சந்தோசத்தை விட வருத்தம்தான் ஜாஸ்தி. எத்தனை வருசக் குரல் வெளிய நின்னுருக்கு!

மிருதங்கத்துல புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளைகிட்டயே ரங்கநாயகி அம்மாள் கத்துக்கிட்டு மேடையேறினாங்க, போன நூற்றாண்டுலயே. புள்ளைக்கு மிருதங்கந்தான் புடிச்சிருக்குன்னா மிருதங்கந்தான். மச்சான்கிட்ட நான் சொன்னதாவே படிச்சுக் காட்டுங்க.

கொழிஞ்சாம்பாறை அப்பா எழுதியது:

மூணு வாரம் ஆச்சுங்க. எல்லாத்தையும் வீட்டுல சத்தமா படிச்சேன். மச்சான் கல்பாத்திப் பாட்டி எழுதினதை ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் பேசலை.

மூட்டு வேலைத் தம்பி தனிமடல்ல வழி சொன்னார். பொண்ணும் நானும் மழையிலயே பெருவெம்பு போனோம். தம்பியோட அப்பா மிருதங்கத்தை வாங்கிப் பார்க்கறதுக்கு முன்னாடி பொண்ணை உட்காரச் சொன்னார். "தட்டு புள்ளே"ன்னார். அவ ரெண்டு சொல் வாசிச்சா. பொறவு அவளையே 16 கண்ணையும் (விளிம்புல வார் கோத்த இடங்க) சுத்தித் தட்டி, சுருதி மாறற இடத்துல சாக்பீஸ்ல புள்ளி வைக்கச் சொன்னார். ஏழு புள்ளி வச்சா. அவர் தட்டிப் பார்த்து எட்டாவது ஒண்ணு வச்சார்.

பிரிச்சுக் காட்டினார். தோல் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. கட்டை நல்ல பலாதான், அதுல பழுதில்லைன்னார். மூணு நாள்ல கிடைக்குமான்னு கேட்டேன். "மழையில அவசரப்பட்டாப் பழைய கதைதான். பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னுட்டார். ஆன செலவு கடையில கொடுத்த விலையில கால்வாசி வராது.

கரணை போடற அன்னிக்கு வரலாமான்னு பொண்ணு கேட்டா. மறுபடி போனோம். ஒரு பூச்சு அவளையே தேய்க்க விட்டார். பத்து நிமிசத்துல கை கடுத்துப் போச்சு அவளுக்கு. அவர் சிரிக்கலை. கையைப் பிடிச்சு, எங்க அழுத்தம் விடணும்னு காட்டினார். அவங்க வீட்டுலயே சாப்பிட்டோம்.

அவர் பேரை எழுதி வாங்கிட்டு வந்திருக்கா. இங்க போட வேண்டாம்னு அவர் சொன்னதால போடலை. ஆனா பள்ளிக் கலோத்சவத்துல இவ பேரைச் சொல்றப்ப அவர் பேரையும் சேர்த்துச் சொல்லணும்னு டீச்சர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுட்டா. பாக்கலாம்.

வந்து ஆறு நாள் ஆச்சு. சுருதி இறங்கத்தான் செய்யுதுங்க, ஆனா 16 கண்ணும் ஒண்ணா இறங்குது. அவளே கல்லும் மரத்துண்டும் எடுத்து விளிம்பை மேலிருந்து தட்டி ஏத்திக்கறா, ஏறிப் போனா கீழிருந்து தட்டி இறக்கிக்கறா. 'நம்' அடிச்சுட்டுக் கையைத் தூக்கிட்டு அது அடங்கற வரைக்கும் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கா. ஒரு சந்தேகம்: தொப்பிக்கு (இடது பக்கத் தோலுக்கு) வைக்கற ரவையை மழை நாள்ல அப்படியே விட்டு வைக்கலாமா?

மூட்டு வேலை எழுதியது:

வேண்டாங்கண்ணா. வாசிச்சு முடிச்சதும், காயறதுக்கு முன்னாடி எடுத்துடச் சொல்லுங்க. நகத்தால சுரண்டக் கூடாது, ஈரத் துணியால மெதுவா துடைக்கணும். துடைச்ச உடனே உறைக்குள்ள போட்டுடாதீங்க, ஒரு மணி நேரம் காத்தாட வெளிய இருக்கட்டும். அடுப்பு அனல் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காத்து ஆரம்பிச்சதும் ஒரு தடவை எடுத்துட்டு வாங்க, அப்பா பார்த்துக் கொடுப்பார். பொண்ணு வச்ச ஏழு புள்ளியும் சரின்னு அவர் இன்னமும் சொல்லிட்டு இருக்கார்.